களிமண் உருண்டை

பெரியம்மா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தவர் மாடிக்கு ஏறி, காய்ந்து நின்ற ரோஜாக் குச்சியைப் பார்த்துவிட்டு, "இது யார் வைத்தது?" என்று கேட்டார். "நான்தான் பாட்டி" என்றாள் என் மகள். அப்போது அவளுக்குப் பத்து வயது. "சிலருக்குக் கைராசி இருக்காது கண்ணு, விடு. அடுத்த முறை அம்மாவை வைக்கச் சொல்" என்று அவள் தலையைத் தடவிவிட்டுத் துளசியைப் பார்க்க நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து மகள் செடிகளைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் வாளியை நிரப்பிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துவிட்டு நிற்பாள். "நீயே ஊற்றும்மா. நான் ஊற்றினால் செத்துப்போகும்." அழாமல், சண்டை போடாமல், தனக்கு உயரம் குறைவு என்று சொல்வதைப் போல அதைச் சொன்னாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கைராசி என்ற சொல்லை நானும் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவள்தான். கைராசியான டாக்டர், கைராசியான தையற்காரர், முதல் போணிக்குக் கைராசியான ஆள். பாராட்டாகச் சொல்லும்போது அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. இல்லை என்று சொல்லும்போதுதான் அது கதவைச் சாத்துகிறது. கை சரியில்லை என்று முடிவாகிவிட்டால் அதற்குப் பிறகு மண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, தண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை, வேரைப் பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்துக்குக் குடிவந்த ஆறு ஆண்டுகளில் நான் வைத்த ரோஜாக்களும் அதே வழியில்தான் போயிருந்தன. பதினான்கு செடிகள். பழி மட்டும் குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

சென்னையில் ரோஜா வைத்தவர்களுக்கு இந்தக் கதையின் போக்கு நன்றாகத் தெரியும். தெருவில் மூன்று சக்கர வண்டி வருகிறது. சிவப்பு, மஞ்சள், இரண்டும் கலந்த ஆரஞ்சு என்று ஒவ்வொரு செடியிலும் கையகலப் பூவும் நான்கைந்து மொட்டுகளும் இருக்கின்றன. பேரம் பேசி வாங்கி, நல்ல தொட்டியில் நல்ல மண்ணில் வைக்கிறோம். வந்த மொட்டுகள் எல்லாம் மலர்கின்றன. வீடே கொண்டாடுகிறது. அடுத்த சுற்றில் பூ பாதி அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. மூன்றாவது மாதம் தளிர் நிற்கிறது, இலை கொட்டுகிறது, நுனியிலிருந்து கொப்பு பழுப்பாகிக் கீழே இறங்குகிறது. ஒருநாள் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை இல்லை. "மெட்ராஸ் வெயிலுக்கு ரோஜா வராது" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்கிறோம். எங்கள் அடுத்த தெருவிலேயே ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டி பன்னீர் ரோஜா ஒன்று புதராக வளர்ந்து நிற்கிறது. யாரும் அதற்கு உரம் வைத்து நான் பார்த்ததில்லை. அந்தச் செடியைக் கடந்துதான் நான் தினமும் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறேன். வெயில் அந்தத் தெருவுக்கும் அதே வெயில்தானே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

தொட்டியைக் கவிழ்த்த நாள்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் வைத்துச் செத்த செடியின் தொட்டியை வெண்டைக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று மொட்டைமாடித் தரையில் பழைய சாக்கை விரித்துக் கவிழ்த்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. செம்மண், தொழு உரம், தேங்காய் நார்த்தூள், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு என்று நானே பார்த்துப் பார்த்துக் கலந்த மண். அதன் நடுவிலிருந்து கறுப்பாக ஓர் உருண்டை உருண்டு வந்து சாக்கின் ஓரத்தில் நின்றது. உரித்த தேங்காய் அளவு இருக்கும். அதன் மேல் பாலித்தீன் உறையின் மடிப்புக் கோடுகள்கூட அழியாமல் இருந்தன. ஐந்து மாதத்துக்கு முன்னால் உறையைக் கிழித்து எந்த உருவத்தில் தொட்டிக்குள் இறக்கினோமோ, அதே உருவம்.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் களைக்கொத்தால் அதை ஒரு தட்டுத் தட்டினேன். உடையவில்லை. அம்மிக் குழவி மாதிரி கனத்தது. கொத்தைத் திருப்பி அதன் முனையால் ஓங்கிப் போட்டதும் இரண்டாகப் பிளந்தது. வெளியே ஒரு விரல் அளவுக்கு ஈரமான கறுப்பு. உள்ளே சாம்பல் நிறத்தில், வெடித்த ஏரித் தரையைப் போல, சொட்டு ஈரம் இல்லாத களிமண். அதற்குள் நூல் நூலாகப் பழுப்பு வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடந்தன. நான் கலந்த அந்த நல்ல மண்ணுக்குள் ஒரு வெள்ளை வேர்கூட எட்டிப் பார்க்கவில்லை. எழுந்து வந்த மகள் ஒரு துண்டைக் கையில் எடுத்து விரலால் அழுத்தினாள். அது நொறுங்கவில்லை.

"அம்மா, நான் ஊற்றின தண்ணீர் இதற்குள் போகவே இல்லையா?"

போகவில்லை. உதிரியான மண்ணுக்கு நடுவே இறுகிய களிமண்ணை வைத்தால் தண்ணீர் சுலபமான வழியில் இறங்கி அடியிலுள்ள துளை வழியாக ஓடிவிடும். மேல்மண் ஈரமாகத் தெரியும். வேர் இருக்கும் இடத்தின் உட்புறம் வறண்டு கிடக்கும். செடி வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினால் களிமண்ணின் வெளித்தோல் ஊறிச் சேறாகி, அங்கே இருக்கும் கொஞ்ச வேரும் காற்றில்லாமல் அழுகும். ஒரே உருண்டைக்குள் ஒரு செடி தாகத்தாலும் சாகலாம், தண்ணீராலும் சாகலாம். வந்த மொட்டுகள் மலர்ந்ததற்குக் காரணம் தண்டில் ஏற்கெனவே இருந்த சேமிப்பு. நாங்கள் வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கொண்டாடிய அந்த ஒரு மாதம் முழுவதும் செடி தன் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலைக்குள் மூலையில் அடுக்கி வைத்திருந்த மற்ற மூன்று காய்ந்த தொட்டிகளையும் கவிழ்த்தோம். மூன்றிலும் உருண்டை. மகள் மூன்றாவதைத் தானே கொத்தால் பிளந்தாள். எதுவும் பேசவில்லை. பிளந்த பாதிகளை வரிசையாகச் சுவரோரம் வைத்தாள், யாருக்கோ காட்டுவதற்காக வைப்பதைப் போல.

வண்டிக்காரர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அடுத்த வாரம் வந்தபோது பிளந்த உருண்டையை எடுத்துக்கொண்டே கீழே இறங்கினேன். "அண்ணா, இதற்குள் வைத்து விற்றால் செடி எப்படிப் பிழைக்கும்?" அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ராஜமுந்திரி பக்கம் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது அம்மா. களிமண் இல்லாமல் கட்டினால் வழியிலேயே வேர் காய்ந்துவிடும். இது பயணத்துக்குக் கட்டின மண். வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஊறவைத்துக் கரைத்துவிட வேண்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் கேட்டதில்லை அம்மா, நானும் சொன்னதில்லை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடியம் ஆந்திராவில் கோதாவரிப் பக்கமுள்ள நாற்றங்கால் ஊர். அங்கிருந்து நாடெங்கும் செடிகள் போகின்றன. களிமண் இல்லாவிட்டால் அந்தச் செடி எங்கள் தெரு வரைக்கும் உயிரோடு வந்திருக்காது. வழித்துணைக்கு வந்த மண்ணை வீடு என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பாதி மண்

இரண்டு செடிகள் வாங்கினோம். முதல் செடியை நான் கெடுத்தேன். உருண்டை மேலிருந்த ஆத்திரத்தில் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு துணுக்குக் களிமண் இல்லாமல் கழுவி, வேரை வெறுமையாக்கி நட்டேன். மயிரிழை போன்ற உறிஞ்சும் வேர்களெல்லாம் மண்ணோடு போய்விட்டன. இலையும் பூவும் நிறைந்த செடிக்கு அது தாங்காது. ஐந்தாம் நாள் துவண்டது, பன்னிரண்டாம் நாள் போய்விட்டது.

இரண்டாவதில் நிதானமாக இருந்தோம். பூவையும் மொட்டுகளையும் நறுக்கிவிட்டோம். மகளுக்கு அதில் வருத்தம்தான். உருண்டையை ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்கவைத்தோம். முதலில் குமிழிகள் வரும், அவை நின்ற பிறகு வெளிமண் தானாக நெகிழும். அதை இழுக்காமல், தண்ணீருக்குள்ளேயே விரலால் தடவித் தடவிப் பாதி கரையும்வரை விட்டோம். வேர் நுனிகள் வெளியே தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். தொட்டி மண்ணையும் மாற்றினேன். பெரும்பாலும் நார்த்தூளும் உரமுமாக இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோட்ட மண் சேர்த்தேன். உள்ளே இருக்கும் மண்ணுக்கும் வெளியே இருக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் எவ்வளவு குறைகிறதோ, வேர் அவ்வளவு தயங்காமல் வெளியே வரும். வேர்ச்செடியோடு ரோஜாவை ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்கும்படி நட்டோம். நம் ஊர் ஈரத்துக்கு அதைப் புதைத்தால் அழுகும். பத்து நாள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தோம். பிறகு காலை வெயில் படும் கிழக்குச் சுவரோரம்.

மூன்றாம் வாரம் ஒரு கணுவில் கடுகளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. மகள் அதைத் தொடாமல், மூச்சுக்கூடப் படாமல், பக்கத்தில் குனிந்து பார்த்தாள். மறுநாள் அது அரிசி அளவு. நான்காம் நாள் பிரிந்து, செம்பு நிறத்தில் ஐந்து பல்லிலைகள். அன்று வாளியை என் காலடியில் வைக்கவில்லை. தானே ஊற்றினாள்.

ஒட்டு முடிச்சு பற்றி ஒரு வார்த்தை. அதற்குக் கீழேயிருந்து கிளம்பும் வீரியமான தளிரைப் பார்த்துப் பலர் சந்தோஷப்படுகிறார்கள். அது நாம் வாங்கிய ரோஜா இல்லை, அதைத் தாங்கும் வேர்ச்செடி. விட்டால் மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிட்டுத் தான் மட்டும் வளரும். மேலாக நறுக்கினால் மறுபடி வரும். மண்ணை விலக்கி, பிறக்கும் இடத்திலேயே பிய்த்துவிட வேண்டும்.

கிணறும் போர்வெல்லும்

செடி பிழைத்தது, ஆனால் ஆனியில் மஞ்சளானது. இலை மஞ்சளாகிறது என்று சொன்னாலே எல்லோரும் உரம் போடச் சொல்கிறார்கள். எந்த இலை மஞ்சளாகிறது என்று கேட்பவர் குறைவு. அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், தண்ணீர் அதிகமாகவும் இருக்கலாம். எங்கள் செடியில் நுனியிலிருந்த இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாக நின்றன. அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதைவிட, இருக்கிற இரும்பை வேரால் எடுக்க முடியாததால் வருவதே அதிகம். ரோஜாவுக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும், கார அமிலக் குறியீடு (pH) 6 முதல் 6.5 வரை. எங்கள் போர்வெல் தண்ணீர் கடினமானது. குழாய் முனையில் சுண்ணாம்பாகப் படிகிறது, தொட்டியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. நாள்தோறும் அதை ஊற்ற ஊற்ற மண் காரமாகிறது, இரும்பு பூட்டிக்கொள்கிறது.

இந்த இடத்தில் முட்டை ஓட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானும் இரண்டு வருடம் பொடித்துப் போட்டேன். அது சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்கு அதனால் என்ன பயன்? புளிப்பான மலை மண்ணில் அது உதவலாம். மடிப்பாக்கத்துப் போர்வெல்லில் வளரும் ரோஜாவுக்கு வேண்டாம். வாழைப்பழத் தோல், டீத்தூள் எல்லாம் மக்கவைத்துப் போட்டால் மண்ணுக்கு நல்லதுதான். அவற்றால் பூ வந்துவிடும் என்று நம்பி வேரைப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எங்களுக்கு வழி தலைக்கு மேலேயே இருந்தது. 2003ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் மொட்டைமாடிக் குழாயும் தரைக்குள் போகிறது. குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டு, அதன் நடுவில் ஒரு திருப்பம் வைத்து 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்தேன். கொசு புகாமல் இறுக்கமாக மூடி. ஆடியிலும் ஆவணியிலும் சாயங்காலத்தில் கொட்டும் மழையே அவற்றை நிரப்பிவிடுகிறது. ரோஜாக்களுக்கு மட்டும் அந்தத் தண்ணீர். செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவில் விற்கும் இரும்பைக் கொஞ்சம் கரைத்து இலைமீது இரண்டு முறை தெளித்தேன். பழைய மஞ்சள் இலைகள் திரும்பவில்லை. புதிதாக வந்தவை பச்சையாக வந்தன.

அப்போதுதான் பெரியம்மாவின் நினைவு வந்தது. செய்யாறு பக்கம் அவர் வீட்டில் கிணற்றடியில் பன்னீர் ரோஜா நிற்கும். நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நிற்கிறது. போனில் கேட்டேன், அந்தச் செடி எப்படி வந்தது என்று. "எதிர்வீட்டு அத்தை ஒரு குச்சி உடைத்துக் கொடுத்தாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சொருகினேன். அதுபாட்டுக்கு வந்தது." அதுபாட்டுக்கு வந்தது என்பதில் எல்லாம் இருக்கிறது. ஒட்டு இல்லை, தன் சொந்த வேர். உருண்டை இல்லை. தொட்டி இல்லை, ஆழமான மண். மழையால் நிறையும் கிணற்றின் நல்ல தண்ணீர். நம் சமவெளி வெயிலுக்குப் பழகிய ரகம். நான் இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "இருக்கும் இருக்கும். ஆனாலும் கைராசி என்று ஒன்று இருக்கிறதடி" என்றார். அவர் வைத்த முருங்கை, கறிவேப்பிலை, அவர் சேர்த்த குடும்பம் எல்லாவற்றையும் அந்தச் சொல்லால்தான் அவர் புரிந்துவைத்திருக்கிறார். போனில் அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. மகளிடமிருந்து மட்டும் அதை எடுத்தாக வேண்டும்.

ஐப்பசியில் செய்வது பங்குனியில் ஆகாது

இப்போது எங்களிடம் ஐந்து ரோஜாக்கள் இருக்கின்றன, அவற்றில் அடுத்த தெரு பன்னீர் ரோஜாவின் குச்சி ஒன்று. எல்லாம் சுகமாக இருக்கின்றன என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் கரும்புள்ளி நோய் வராமல் இருந்ததே இல்லை. இலையில் ஓரம் பிசிறிய கறுப்பு வட்டம், சுற்றி மஞ்சள், பிறகு கொட்டல். அந்தப் பூசணம் பற்றிக்கொள்ள இலை தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் அதற்கு என்ன குறை! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரத்தில் ஒரு செடியில் இலையே மிஞ்சவில்லை. விழுந்த இலைகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் கட்டுகிறாள், தொட்டியிலேயே விட்டால் அடுத்த மழைத்துளி அதைத் தெறித்து மேலே ஏற்றும் என்பதால். அந்த மாதங்களில் இலைமேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது.

பங்குனியில் இதற்கு நேரெதிர். இலையின் அடிப்பக்கம் தூசி படிந்ததைப் போல மங்கும், நுண்ணிய நூலாம்படை தெரியும். சிவப்புச் சிலந்தி. வறட்சியும் சூடும் அதற்குக் கொண்டாட்டம். அதற்கு முதல் மருந்து, விடிகாலையில் இலையின் அடிப்பக்கத்தை நோக்கித் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவது. ஐப்பசியில் செடியைக் கெடுத்த அதே ஈரம் பங்குனியில் காப்பாற்றுகிறது. மொட்டு விரியாமல் ஓரம் கருகி நின்றால் இலைப்பேன். வெள்ளைக் காகிதத்தின் மேல் மொட்டைத் தட்டினால் ரவையைவிட மெல்லியதாக ஓடும். வேப்பெண்ணெய், லிட்டருக்கு ஐந்து மில்லி, சோப்புக் கரைசலோடு, சாயங்காலத்தில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை வெந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் காலை பத்து மணிக்கு அடித்து அதைக் கண்ணால் பார்த்தேன்.

கவாத்தும் அப்படித்தான். புரட்டாசி, ஐப்பசியிலேயே வெட்டிவிடு என்பார்கள். மழைக்கு நடுவே வெட்டிய நுனி ஆறாமல், கருகல் கீழே இறங்குவதை இரண்டு வருடம் பார்த்த பிறகு, எங்கள் மாடியில் மழை ஓய்ந்து மார்கழிப் பனி தொடங்கிய பிறகே கத்தரியை எடுக்கிறோம். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லிப் பசையை நுனியில் தடவுகிறோம். ஒன்றரை மாதத்தில், தை முடிவதற்குள், பூ.

சென்ற ஆண்டு ஊட்டிக்குப் போயிருந்தோம். 1995இல் அமைத்த அந்த ரோஜாப் பூங்காவில், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், மலைச்சரிவில் படிப்படியாக ஆயிரக்கணக்கில் செடிகள். ஒவ்வொரு பூவும் என் முகத்தளவு. மகள் ஒரு மணி நேரம் நடந்தாள். "இவ்வளவு பெரிது நம் வீட்டில் வராதுதானே?" என்று கேட்டாள். வராது என்று சொன்னேன். நம் கோடையில் மொட்டு அவசரமாக மலரும், இதழ் குறையும், காலையில் விரிந்தது மதியத்தில் வெளிறும். இரவும் சூடாகவே இருப்பதால் செடி பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிடுகிறது. "சரி" என்றாள். அதில் ஏமாற்றம் தெரியவில்லை. காரணம் தெரிந்த குறை அவளை உறுத்தவில்லை.

இந்தச் சித்திரையில் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டியிருக்கிறோம். செடியைவிடத் தொட்டிக்குத்தான் நிழல் வேண்டும். சூடேறும் கான்கிரீட் தரையில் கறுப்புப் பையில் இருக்கும் வேர் வெந்துபோகும். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அதற்கு முன் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் செடி வெயிலைத் தாங்க மிச்சம் பிடித்துக்கொள்ளும். நேற்று மாலை கத்தரியை மகளிடம் கொடுத்தேன். சிவப்புச் செடியில் ஐந்து மொட்டுகள் இருந்தன. நான்கை நறுக்கினாள். ஐந்தாவதன் காம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பச்சைப் புல்லிதழ் விலகி உள்ளே சிவப்பு கீற்றாகத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை பாட்டி வருகிறார்கள் இல்லையா, அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்று கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.